மரண நினைவும் மனித நேயமும்

பிறந்தவர் எவரும் இறப்பர் என்பதை அறியாதார் இல்லை. எனினும் அவ்வறிவு நம் நெஞ்சில் உறங்கியே கிடக்கிறது. கொள்ளை நோய் பரவுங் காலத்தில் அது விழித்துக் கொள்கிறது. அப்போது மனிதன் நல்லவனாவானா, அன்றிக் கடுமை மிக்கவனாவானா?

இவ்வினா இலங்கைக்குப் புதியதன்று. 1918, 1919ஆம் ஆண்டுகளில் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சலால் இந்நாடு ஏறக்குறைய 3 இலட்சம் மக்களை இழந்ததென ஆய்வாளர் கணித்துள்ளனர். 1934, 1935இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. பின்னர் கொரோனா வந்தது.

உளநூலார் இதுபற்றிச் சோதனைகள் செய்துள்ளனர். அமெரிக்காவின் அரிசோனாவில் 22 நீதிபதிகளிடம் நடத்திய ஆய்வு 1989இல் வெளியாயிற்று. தம் மரணத்தை எண்ணிப் பார்க்கச் செய்யப்பட்டவர்கள், ஒரு கற்பனை வழக்கில் சராசரி 455 டொலர் பிணை விதித்தனர். ஏனையோர் விதித்ததோ 50 டொலர். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வில், மரணத்தை நினைத்தவர்கள் தம் நாட்டுத் தருமத்துக்கு அதிகம் ஈந்தனர். பிறநாட்டாருக்கு அவ்வாறு ஈயவில்லை. பிற்காலச் சோதனைகள் யாவும் இத்தகைய முடிவுகளையே தந்தன என்பதற்கில்லை. ஆயினும் அவை உணர்த்தும் எச்சரிக்கை நன்று: மரண பயம் ஈகையையும் வளர்க்கும், ‘நம்மவர்’, ‘பிறர்’ என்னும் வேலியையும் உயர்த்தும்.

2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. நகரங்கள் கதவடைத்தன, தோட்டங்களிலோ கொழுந்து பறித்தல் தொடர்ந்தது. பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பகுதிகளின் லயன்களை எண்ணிப் பாருங்கள். ஒரே காம்பராவில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்கு ஒரே பீலி. விலகி நிற்க மனம் மட்டும் போதுமா? இடமும் வேண்டுமன்றோ?

அவ்வாண்டு நவம்பர் 14இல் தீபாவளி. கொழும்புக் கடைகளில் உழைக்கும் பிள்ளைகள் தாய்முகம் காண வரும் திருநாள் அது. அரசாங்கமோ மேல் மாகாணத்தை விட்டு வெளியேறுவதைத் தடை செய்தது. வருவது அன்பு, அவ்வேளையில் வாராதிருப்பதும் அன்பே. எனினும் முன்னரே வந்துவிட்டவனை நோயெனக் கண்டு விலக்குதல் அறமாகாது. 14 நாள் தனித்திருக்க வேண்டிய குடும்பத்தின் வாசலில், அயல் காம்பராவார் தண்ணீரும் அரிசியும் வைத்தாலன்றி அக்குடும்பம் விதியை எவ்வாறு காக்கும்? உதவி இல்லாத இடத்தில் ஒழுங்கும் நிலைக்காது.

இவ்வுண்மையைத் தோட்டத்து மக்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடையே மரண உதவிச் சங்கங்கள் உண்டு. நலமாய் இருக்கும்போதே சிறு சந்தா செலுத்துகின்றனர். சாவு நேர்ந்த வீட்டுக்கு அது கைகொடுக்கிறது. அச்சம் வருமுன்னரே மரணத்தை நினைந்து செய்து கொண்ட ஏற்பாடு இது. இதனை நோயுற்றோருக்கும் விரிக்கலாம். தனித்திருப்போர்க்கு யார் தண்ணீர் எடுப்பது, யார் மருந்து வாங்கி வருவது என ஒவ்வொரு லயனிலும் இன்றே வகுத்து வைக்கலாம். மாணவர்கள் அப்பட்டியலை எழுதும் பணியை ஏற்பார்களாக. அடுத்த கொள்ளை நோய் நாள் குறித்து வருவதில்லை.