மரத்தை வெட்டினால் போதாது, தூரையும் எடுக்க வேண்டும்

திருவானைக்காவலிலிருந்து கல்லணை போகும் சாலையில் ஊர் தாண்டியதுமே தோப்புகள் தொடங்கிவிடும். திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே வரும். வாழையும் தென்னையும் மாறாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்த ஸ்ரீரங்கம் தீவு மண்ணில் தென்னை வைத்தவர் கெட்டதில்லை என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதனாலேயே தோப்பின் நடுவில் கொண்டை இழந்து ஒரு மரம் மொட்டையாக நின்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இடி விழுந்திருக்கும், வண்டு குடைந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மரம் நின்றபடியே மக்கும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பக்கத்து மரத்தில் அடிமட்டைகள் தொங்க ஆரம்பிக்கும்போதுதான் கவலை வரும். அப்போது நோய் மண்ணுக்குள் பல அடி தூரம் நகர்ந்திருக்கும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் தஞ்சாவூர் வாடல் நோய். அடித்தண்டழுகல் நோய் என்றும் சொல்வார்கள். கானோடெர்மா என்ற பூசணத்தால் வருவது. கர்நாடகத்தில் 1913-லேயே பதிவான இந்நோய், தமிழ்நாட்டில் 1952-ல் புயல் அடித்த தஞ்சை மாவட்டப் பகுதிகளில் கவனிக்கப்பட்டது. பெயர் தஞ்சைக்குப் போனாலும் நோய் மாவட்ட எல்லையில் நிற்கவில்லை. மணல் கலந்த மண்ணும், கோடையில் தண்ணீர் காட்டாமல் காயவிட்ட தோப்பும் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் இதற்கு இடமுண்டு. நன்றாகக் காய்க்கும் பருவத்தில், அதாவது 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் இருக்கும் மரங்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. உழவருக்கு வலிப்பதும் அதனால்தான்.

நோய் கண்ட மரத்தின் அடியில் உட்கார்ந்து பார்த்தால் தரையை ஒட்டிய பட்டையில் வெடிப்பு தெரியும். அதிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான சாறு கசிந்திருக்கும். வெயிலில் காய்ந்து கறுத்துப் படிந்திருக்கும். நாள் ஆக ஆகச் சாறு வடியும் இடம் மேலே ஏறும். மண்ணைக் கொத்தினால் வேர்கள் நிறம் மாறி, இழுத்ததும் கையோடு வரும். மேலே அடிவரிசை மட்டைகள் மஞ்சளாகிப் பழுத்து, விழாமல் தண்டோடு ஒட்டித் தொங்கும். குரும்பை கொட்டும், புதுப் பாளை சிறுக்கும், காய் குறையும். மழை பெய்தபின் சில மரங்களின் அடியில் மெருகு பூசியது போன்ற செம்பழுப்புக் காளான் தட்டுத் தட்டாக முளைக்கும். அதன் அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். காளான் வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. காளான் தெரியும் நேரத்தில் உள்தண்டு பெரும்பாலும் அழுகி முடிந்திருக்கும்.

சாறு வடிந்தாலே தஞ்சாவூர் வாடல் என்று முடிவு கட்டவும் கூடாது. சாறு வடிதல் நோய் என்று வேறொன்று உண்டு. அதில் தண்டின் எந்தப் பகுதியிலும் வெடிப்பிலிருந்து சாறு கசியலாம். பட்டையைச் செதுக்கி மருந்து பூசினால் மரம் தேறிவிடும். வாடல் நோயில் கசிவு அடியிலிருந்து தொடங்கி மேலே ஏறும். இந்த வேறுபாடு தெரியாமல் பிழைக்க வேண்டிய மரத்தை வெட்டியவர்களும் உண்டு, வெட்ட வேண்டிய மரத்துக்கு வருடக்கணக்கில் மருந்து ஊற்றியவர்களும் உண்டு.

வெட்டுவது என்று முடிவான பிறகுதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஆள் வருகிறார், இயந்திர ரம்பத்தால் தரைமட்டத்தில் அறுக்கிறார், தண்டைத் துண்டு போட்டு லாரியில் ஏற்றுகிறார். அடிக்கட்டை அப்படியே மண்ணில் நிற்கிறது. தூரைப் பறிக்கக் கூலியும் பொக்லைன் வாடகையும் கூடுதல் என்பதால், தானாக மக்கிவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்தப் பூசணம் வாழ்வதே அந்தத் தூரிலும் வேரிலும்தான். மேல்மரம் போனாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் மரக்கட்டையைத் தின்றபடி ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து, பக்கத்து மரத்தின் வேர் வந்து தொடும்போது அதற்குத் தாவுகிறது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கான சல்லிவேர்கள் நாலாபுறமும் பாயும். அவற்றில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள்ளேயே இருக்கும். 25 அடி இடைவெளி விட்டு நடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நெருக்கி நட்ட பழைய தோப்புகளில் வேரும் வேரும் பின்னிக் கிடக்கின்றன. வாய்க்கால் தண்ணீர் நோய்ப் பாத்தியில் பாய்ந்து அடுத்த பாத்திக்குப் போவது இன்னொரு வழி.

இதை மலேசியாவும் இந்தோனேசியாவும் பெரும் விலை கொடுத்துக் கற்றன. தென்னை இருந்த நிலத்தில் மரங்களை வெட்டி, தூரை மண்ணிலேயே விட்டு எண்ணெய்ப் பனை நட்டார்கள். அந்தத் தூர்களில் தங்கிய கானோடெர்மா புதுத் தோட்டங்களை அழித்தது. இன்று அங்கே எண்ணெய்ப் பனையின் முதல் எதிரி இந்தப் பூசணம்தான். மறுநடவுக்கு முன் தூரைத் தோண்டி எடுத்துச் சிதைப்பது அங்கே பெருந்தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. நம் பக்கத்தில் 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவதைவிடத் தூரை அகற்றுவதே உழவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. தென்னந்தூரை எடுப்பது எளிதல்ல என்பது உண்மைதான். எடுக்காவிட்டால் வரும் நட்டம் அதைவிடப் பெரிது என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எதைக் காப்பாற்றலாம், எதை வெட்ட வேண்டும்?

அடியில் கசிவு தொடங்கி, கொண்டை இன்னும் பச்சையாக இருக்கும் மரத்தைக் காப்பாற்ற முயலலாம். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், பாத்தியில் 1 சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் என்பது வேளாண் துறை சொல்லும் முறை. கூடவே வேர் வழியாக மருந்து கட்ட வேண்டும். பென்சில் பருமனில் உயிருள்ள வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து நீர் உள்ள பாலித்தீன் பைக்குள் விட்டுக் கட்டுவது. மறுநாள் பை காலியாக இருந்தால் மரம் குடித்திருக்கிறது. வேரெல்லாம் அழுகிய மரம் மருந்தைத் தொடாது. பை நிறைந்தபடியே இருக்கும். அந்த மரத்துக்கு மேற்கொண்டு செலவழிப்பது வீண். மருந்து கட்டுவதற்கு முன் முற்றிய காயையும் இளநீரையும் இறக்கிவிடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ, நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியிலோ கேட்டுச் செய்யுங்கள்.

மட்டைகள் தொங்கி, பாளை வருவது நின்று, சாறு ஆள் உயரத்துக்கு மேல் ஏறிய மரத்தை வெட்டிவிடுவதே நல்லது. வெட்டுவதற்கு முன் அதைச் சுற்றி இரண்டடி அகலம், மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து மற்ற மரங்களின் வேர்த் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பாத்திக்கு வரும் வாய்க்காலை அடைத்துவிட வேண்டும். பிறகு மரத்தைச் சாய்த்து, தூரையும் கண்ணுக்குத் தெரியும் வேரையும் முழுதாகப் பறித்து, நிலத்திலேயே ஒரு மூலையில் காயவைத்து எரித்துவிட வேண்டும். நோய்த் தூரை வரப்பில் உருட்டிவிடுவதும் வாய்க்கால் கரைக்கு அணைகொடுப்பதும் நோயை நாமே சுமந்துபோய் நடுவதற்குச் சமம்.

தண்டையும் கிடப்பில் போடக் கூடாது. மக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டுக்கு முட்டையிட ஏற்ற இடம். நலிந்த மரங்களையும் காயம்பட்ட மரங்களையும் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். நம் தோப்பில் கிடக்கும் தண்டில் பிறந்த வண்டு பக்கத்துத் தோப்பின் குருத்தைத் தின்னும். வெட்டிய அதே வாரத்தில் தண்டு தோப்பைவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

செத்த மரம் பூச்சிக்கு வீடாகி அடுத்தவர் நிலத்தைக் கெடுப்பது தென்னைக்கு மட்டும் நேர்வதல்ல. ஜப்பானின் நாகசாகியில் 1905-ல் தெரியவந்த பைன் மர வாடல் நோய் நாடு முழுதும் பைன் காடுகளைத் தின்றது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒன்றுதான் காரணம் என்று 1971-ல்தான் உறுதியானது. அந்தப் புழுவை மரத்துக்கு மரம் சுமப்பது ஒரு நீள்கொம்பு வண்டு. செத்த மரத்திலிருந்து வண்டு வெளியேறும் முன் மரத்தை வெட்டிச் சிதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். காடு தனியாருடையது என்று சொல்லி அரசு ஒதுங்கியிருக்க முடியவில்லை. 1977-ல் அதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

நம்மிடம் அதற்கும் முந்தைய சட்டம் இருக்கிறது. 1919-ல் சென்னை மாகாணம் இயற்றிய வேளாண் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டம், இந்தியாவில் மாகாண அளவில் இவ்வகையில் முதலாவது. ஒரு பகுதியில் ஒரு நோயை அரசு அறிவிக்கை செய்துவிட்டால், நோய்ப்பட்ட பயிரை அழிக்கும்படி நிலத்துக்காரருக்கு உத்தரவிடலாம்; அவர் செய்யாவிட்டால் அதிகாரியே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். தண்டனையைக் காட்டி மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் தோப்பின் நோய் ஊரின் பொதுக் கவலை என்பதை நூறாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

செலவை யார் ஏற்பது?

தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவு மற்றும் புத்துயிரூட்டும் திட்டத்தில், நோயுற்ற, காய்ப்பு ஓய்ந்த மரத்தை வெட்டி அகற்ற மரத்துக்கு 1,000 ரூபாய் வீதம் எக்டேருக்கு 32 மரங்கள் வரை மானியம் வகுக்கப்பட்டது. மறுநடவுக்கு நாற்று ஒன்றுக்கு 40 ரூபாய். மீதி மரங்களின் பராமரிப்புக்கு எக்டேருக்கு 17,500 ரூபாய் இரண்டு தவணைகளில். தொகையும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு இரண்டு குறைகள் படுகின்றன. சரியான இடைவெளியில் நட்ட ஒரு எக்டேரில் 175 மரங்கள் நிற்கும். 32 என்ற வரம்பு லேசாகப் பாதித்த தோப்புக்குச் சரி. பாதித் தோப்பை இழந்தவருக்குப் போதாது. இரண்டாவது, மானியம் மரம் விழுந்ததா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. தூர் எடுத்த குழியைப் பார்த்த பிறகே பணம் தர வேண்டும். அதற்கேற்ப தொகையையும் கூட்ட வேண்டும். ஸ்ரீரங்கம் தீவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் பலர். மரத்தில் கை வைக்கும் முன் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். பட்டா வேறொருவர் பெயரில் இருக்க, மானியம் கேட்பதும் எளிதல்ல. அனுமதிக்கு அலையும் மாதங்களில் பூசணம் காத்திருப்பதில்லை. நோய் உறுதியான மரத்துக்கு உடனே அனுமதி தரும் வழியைக் கோயில் நிர்வாகமும் வேளாண் துறையும் சேர்ந்து உண்டாக்க வேண்டும்.

தூர் எடுத்த குழியில் அவசரப்பட்டுத் தென்னங்கன்று வைக்காதீர்கள். கோடை வெயில் குழிக்குள் நன்றாக இறங்கட்டும். பிறகு வேப்பம் பிண்ணாக்கும் தொழுவுரமும் டிரைக்கோடெர்மாவும் இட்டு மூடி, அங்கே வாழை வையுங்கள். வாடல் நோய்த் தோப்புகளில் ஊடுபயிராக வாழை வைத்தால் நோய் தணிகிறது என்பது வேளாண் துறையின் பரிந்துரை. வாழைக்குத் தண்ணீர் பாய்வதால் தோப்பு காயாமல் இருப்பதும் ஒரு நன்மை. பூவனும் ஏலரிசியும் விளையும் திருச்சிக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேறில்லை. வாழைக்கு வரும் வாடல் நோய் வேறு பூசணத்தால் வருவது. தென்னையிலிருந்து வாழைக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டாம்.

பொள்ளாச்சிப் பக்கத்துச் செய்திகளைப் படித்துவிட்டு அங்கே வந்த கேரள வேர் வாடல் நோய்தான் இதுவும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, பூச்சிகள் பரப்புவது, மருந்தில்லாதது. ஆண்டுக்கு 10 காய்கூடத் தராத அளவுக்கு நலிந்த மரங்களை அகற்றச் சொல்கிறார்கள். அந்தப் பகுதியிலிருந்து விலை மலிவு என்று கன்று வாங்கி வராமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய தற்காப்பு.

தோப்பு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு சுற்று நடந்து ஒவ்வொரு மரத்தின் அடியையும் பாருங்கள். கசிவு கண்டால் சுண்ணாம்பால் குறியிட்டு, படம் எடுத்து, வெட்டுவதற்கு முன்பே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள். வெட்டிய பின் போனால் மரம் நோயுற்றிருந்ததை மெய்ப்பிப்பது சிரமம். வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். நேரில் போக முடியாதவர்கள் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.