சந்தை அறிக்கையில் தேசப்படத்தின் உபயோகம்
(புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை உதாரணமாகக் கொண்டு எழுதப்பட்ட விளக்கம்)

சந்தைக்கு வரும் சரக்கைப்பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் பட்டியல் ரூபமாகவே தயாரிக்கப்படுகின்றன. கிராமத்தின் பெயர், சரக்கின் பெயர், மூட்டைகளின் எண்ணிக்கை, கிரயம் ஆகிய நான்கு கலங்களும் நிரப்பப்பட்டால் அறிக்கை பூர்த்தியாகிவிட்டதாக எண்ணப்படுகிறது. இவ்விதப் பட்டியல் "எவ்வளவு" என்னும் கேள்விக்கு விடையளிக்கும். ஆனால் "எங்கிருந்து", "எவ்வழியாக", "பக்கத்து ஊரிலிருந்து ஏன் வரவில்லை" என்னும் கேள்விகளுக்கு அதனிடம் விடையில்லை. சேகரிப்பு நிலையத்தை எவ்வூரில் அமைப்பது, வண்டியை எந்தப் பாதையில் விடுவது என்பவற்றை இக்கேள்விகளே நிர்ணயிக்கின்றன. கூட்டுறவுச் சங்கம் இவற்றில் தவறினால், அந்நஷ்டம் வண்டிச்சத்தமாகவும் வாடிய காய்கறியாகவும் குடியானவன் தலையிலேயே விழும்.

பெரிய மார்க்கெட்டின் நிலை

குபேர் அங்காடி என்றும் வழங்கும் பெரிய மார்க்கெட், புதுச்சேரி நகரின் நடுவே நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில் அமைந்துள்ளது. காய்கறி, பூ, மீன், மளிகை முதலிய பலவகைச் சரக்குகளும் அங்கு விற்பனையாகின்றன. நகரைச் சூழ்ந்த புதுச்சேரிப் பகுதியில் 2 நகராட்சிகளும், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், பாகூர், மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் என 5 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள.

மேற்கண்ட ஐந்து பெயர்களும் அகரவரிசையில் தரப்பட்டுள்ளன. பட்டியலில் பாகூரும் மண்ணாடிப்பட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. நிலத்திலோ பாகூர் தெற்கேயும் மண்ணாடிப்பட்டு வடமேற்கேயும் வெகுதூரம் விலகியிருக்கின்றன. இவ்விரண்டிற்கும் ஒரே வண்டியை ஏற்பாடு செய்வது எவ்வளவு பொருந்தாதென்பது பட்டியலைப் படிப்பவருக்குத் தோன்றாது. படத்தைப் பார்ப்பவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

இதனினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்து எல்லைகள் இன்றளவும் தொடர்ந்து வருவதால், புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. அதன் கிராமங்கள் விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் வசம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. ஆயினும் எல்லைக்கோடுகள் மாறவில்லை. வண்டியும் சரக்கும் அக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. ஆகையால் புதுச்சேரியின் எல்லையோடு வெட்டப்பட்ட படம் சந்தையின் உண்மையான பின்னிலத்தைக் காட்டாது. அக்கம்பக்கத்துத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வெள்ளையாக விடப்பட்டால், அங்கிருந்து ஒன்றும் வரவில்லை என்று மேலதிகாரி கருதக்கூடும். சந்தைப் படத்திற்கு எல்லை, சரக்கு எதுவரையிலிருந்து வருகிறதோ அதுவேயாகும்.

முன்னோர் செய்த முயற்சிகள்

பிரான்சு தேசத்து இஞ்சினீயரான ஷார்ல் ழோசெப் மினார் என்பவர் 1858-ல் ஒரு படம் வெளியிட்டார். பாரிசு நகருக்கு இறைச்சிக்காக ஒவ்வொரு மாகாணமும் அனுப்பிய கால்நடைகளின் அளவை அப்படம் காட்டியது. ஒவ்வொரு மாகாணத்தின் மேலும் அது அனுப்பிய அளவுக்கேற்ற வட்டம் ஒன்று வரையப்பட்டது. அவ்வட்டம் மாட்டிறைச்சிக்குக் கறுப்பு, கன்றிறைச்சிக்குச் சிவப்பு, ஆட்டிறைச்சிக்குப் பச்சை என்று பங்கிடப்பட்டது. ஒன்றும் அனுப்பாத மாகாணங்களுக்கு வேறு சாயம் தீட்டப்பட்டது. சரக்கு வராத இடத்தையும் தெரிவிப்பது அறிக்கையின் கடமை என்பது இதனால் விளங்கும்.

ஜெர்மனியில் பண்ணை நடத்திவந்த வான் துனென் என்பவர் 1826-ல் வெளியிட்ட நூலில், ஒரு நகரைச் சுற்றிச் சாகுபடி வளையம் வளையமாக அமையும் என்று விளக்கினார். சீக்கிரம் கெடும் காய்கறியும் பாலும் நகரையடுத்து, எடைமிகுந்த விறகு அதற்கப்பால், தானியம் இன்னும் அப்பால், மேய்ச்சல் கடைசியில் என்பது அவருடைய கணக்கு. படகு செல்லும் ஆறு குறுக்கிட்டால் வளையங்கள் ஆற்றோரமாக நீளும் என்றும் அவர் கூறினார். புதுச்சேரிக்குக் கிழக்கே கடலாதலால் இங்கு வளையம் பாதிதான் இருக்கக்கூடும். மேலும் லாரியும் குளிர்சாதனமும் வந்தபின் தொலைதூரக் காய்கறியும் நகரை எட்டுகிறது. உள்ளூர்ச் சாகுபடி எவ்விடத்தில் இன்னும் அனுகூலமுடையது என்பதைப் படமே காட்டவேண்டும்.

படம் தயாரிக்கும் முறை

1. முதலில் கேள்வி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "கோடைகாலத்தில் கத்தரிக்காய் எவ்வூர்களிலிருந்து வருகிறது" என்பது நல்ல கேள்வி. எல்லாச் சரக்கையும் ஒரே படத்தில் திணித்தால் ஒன்றும் விளங்காது.

2. இந்திய சர்வே இலாகாவின் படம், அல்லது இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 2009 முதல் இணையத்தில் நடத்திவரும் புவன் என்னும் படத்தொகுதி ஆதாரமாகக் கொள்ளத்தக்கது. கியூஜிஐஎஸ் என்னும் கணினி நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. கணினி இல்லாத சங்கத்தார் மெல்லிய காகிதத்தைப் படத்தின்மேல் விரித்துப் பென்சிலாலேயே வேலையை முடிக்கலாம்.

3. எண்ணிக்கையை வட்டத்தாலும், விகிதத்தைச் சாயத்தாலும் காட்டவேண்டும். மொத்த மூட்டைகளைச் சாயத்தால் காட்டினால், பரப்பு அதிகமுள்ள கொம்யூன் முக்கியமானதென்று கண் மயங்கும். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்பது போன்ற விகிதத்திற்கே சாயம் ஏற்றது.

4. வட்டத்தின் பரப்பு சரக்கின் அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும். 100 மூட்டைக்கு ஆரம் 1 சென்டிமீட்டர் என்றால், 400 மூட்டைக்கு 2, 900 மூட்டைக்கு 3 சென்டிமீட்டர். 400 மூட்டைக்கு 4 சென்டிமீட்டர் ஆரம் போட்டால், நான்கு மடங்குச் சரக்கு பதினாறு மடங்காகத் தோன்றும்.

5. தலைப்பு, அளவுகோல், வடதிசைக் குறி, அடையாள விளக்கம், கணக்கெடுத்த மாதமும் வருஷமும் தவறாமல் எழுதப்பட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்து வரத்தும் சித்திரை வைகாசிக் கோடைகாலத்து வரத்தும் வேறாதலால் இரண்டு படங்கள் நலம்.

6. காரைக்கால் முதலிய தூரத்துப் பகுதிகளைச் சேர்க்க நேர்ந்தால், படத்தின் மூலையில் தனிக் கட்டமிட்டு, அதன் அளவுகோலையும் குறிக்கவேண்டும்.

எச்சரிக்கைகள்

படத்தில் நேர்க்கோட்டால் அளந்த தூரம் வண்டி செல்லும் தூரமாகாது. சங்கராபரணி ஆற்றின் அக்கரையிலுள்ள ஊர் படத்தில் அருகே தோன்றினும், பாலத்தைச் சுற்றியே வரவேண்டியிருக்கும். ஆகவே சாலையையும் பாலத்தையும் வரையாத படம் வண்டிச்சத்தக் கணக்கிற்கு உதவாது. கணக்கெடுக்கப்படாத ஊரையும் சரக்கு அனுப்பாத ஊரையும் ஒரே விதமாகக் காட்டலாகாது; முன்னதற்குக் கோடிட்டு வேறுபடுத்த வேண்டும். வியாபாரி வழியாக வரும் சரக்கை, அவருடைய கடை இருக்கும் ஊரின்மேல் போடாமல், விளைந்த ஊரின்மேல் போடவேண்டும். தனிப்பட்ட குடியானவர்களின் பெயரோ வரும்படியோ படத்தில் இடம்பெறலாகாது.

முடிவு செய்தல்

உதாரணமாக, ஒரே சாலையில் அடுத்தடுத்துள்ள மூன்று சிற்றூர்கள் தினந்தோறும் முறையே 6, 8, 7 கூடைகள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வேறொரு பெரிய ஊர் 18 கூடைகள் அனுப்புகிறது. பட்டியலில் பெரிய ஊரே முதலிடம் பெறும். வண்டியும் அதற்கே கிடைக்கும். சிற்றூரார் தனித்தனியே சத்தம் கொடுத்துக்கொண்டிருப்பர். படத்தில் அம்மூன்று வட்டங்களும் ஒரே சாலைமேல் சேர்ந்து நிற்பதால், மொத்தம் 21 கூடை என்பதும், நடுவூரில் ஒரு நிலையம் போதுமென்பதும் புலனாகும். பட்டியலில் எண் சிறிதாயிருந்த காரணத்தால் விடுபட்டவர்களுக்குப் படம் நியாயம் வழங்குகிறது.

படம் வந்துவிட்டதால் பட்டியலைத் தள்ளிவிடலாகாது. துல்லியமான எண்ணுக்குப் பட்டியலும், இடத்தின் சம்பந்தத்திற்குப் படமும் வேண்டும். ஆகையால் சங்கக் காரியதரிசிகளும் கிராம உழவர் குழுவினரும் அடுத்த அறிக்கையிலேயே ஒரு சரக்கை மாத்திரம் எடுத்துக்கொண்டு படம் ஒன்று சேர்ப்பார்களாக. அதை உழவர் கூட்டத்தில் விரித்து வைத்தால், விடுபட்ட ஊரையும் தவறான பாதையையும் அவர்களே விரலால் சுட்டிக்காட்டித் திருத்துவர். அத்திருத்தங்களோடு அனுப்பப்படும் அறிக்கையே நம்பத்தக்கது.