கணினி படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்த லேப்டாப்?

கல்லூரியில் கணினித் துறைக்கு இடம் கிடைத்த கடிதம் வந்ததுமே, அடுத்த சனிக்கிழமை குடும்பத்தோடு லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் நம்மில் பலர். புக்கிட் பிந்தாங் நெரிசலில் கார் நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் ஆளுக்கொரு யோசனை காதில் விழுந்திருக்கும். “மச்சான், மேக் எடு, வேற எதையும் பார்க்காதே” என்று பையனுக்குச் சொல்லியிருப்பான் நண்பன். “கேமிங் லேப்டாப் வாங்குங்க மாமா, எல்லாமே ஓடும்” என்று அப்பாவிடம் சொல்லியிருப்பான் அக்காள் மகன். கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளர் கேட்பது ஒன்றே ஒன்று: “பட்ஜெட் எவ்வளவு பாஸ்?”

கேட்க வேண்டிய முதல் கேள்வி இதில் எதிலும் இல்லை. பிள்ளை அந்த மடிக்கணினியில் என்ன செய்யப் போகிறார்?

இதைக் கேட்காமல் வாங்கிவிட்டால் அதன் விளைவு முதல் மாதத்தில் தெரியாது. இரண்டாம் ஆண்டில், பாடம் கனக்கும்போதுதான் தெரியும். நிரலை இயக்கினால் திரை உறைந்து நிற்கும். அல்லது பாடத்துக்குத் தேவையான மென்பொருள் அந்த இயந்திரத்தில் ஏறவே ஏறாது. அப்பாவின் பல மாத ஓவர்டைம் பணத்தில் வாங்கியதை ஓரம்கட்டிவிட்டு இன்னொன்று வாங்க எல்லாக் குடும்பத்தாலும் முடியாது.

மூன்று இயங்குதளங்கள், மூன்று கதவுகள்

விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றில் எது சிறந்தது என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. மென்பொருள் எழுதுகிறவருக்கு அந்தச் சண்டையால் பயனில்லை. சில வேலைகளைச் சில இயங்குதளங்களில் மட்டுமே செய்ய முடியும். அந்த வேலைகள் எவை என்று தெரிந்தால் போதும்.

ஐபோனுக்கும் ஐபேடுக்கும் செயலி எழுத வேண்டுமானால் மேக் தேவை. அதற்கான எக்ஸ்கோடு என்ற கருவி மேக் ஓஎஸ்ஸில் மட்டுமே ஓடும். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்றவற்றைக் கொண்டு ஒரே நிரலில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி எழுதலாம் என்பது உண்மைதான். எழுதும் வேலையை விண்டோஸிலேயே செய்யலாம். ஆனால் ஐபோனுக்கான இறுதி வடிவத்தை உருவாக்க எங்காவது ஒரு மேக் வேண்டும். அது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். செயலியை ஆப்பிள் கடையில் வெளியிட ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்டணம் உண்டு. கூகள் பிளேயில் ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். புதிதாகக் கற்கிற மாணவருக்கு ஆண்ட்ராய்டு செலவு குறைந்த தொடக்கம்.

விண்டோஸுக்கென்றே உருவாகும் அலுவலக மென்பொருள்கள் எழுதப் போகிறவருக்கும், சி ஷார்ப் மொழியை முழு விஷுவல் ஸ்டூடியோவில் கற்பிக்கும் கல்லூரியில் சேர்கிறவருக்கும் விண்டோஸ்தான் வழி. விஷுவல் ஸ்டூடியோவின் மேக் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் விஷுவல் ஸ்டூடியோ கோடு வேறு. அது இலவசம், மூன்று தளங்களிலும் ஓடும்.

இணையதளம், பைத்தான், ஜாவா, தரவுத்தளம் ஆகிய பாடங்களுக்கு மூன்றில் எதுவும் போதும். பெரும்பாலான டிப்ளோமா, பட்டப்படிப்புகளின் முதல் ஆண்டுப் பாடங்கள் இந்த வகைதான்.

செயற்கை நுண்ணறிவு படிக்க விரும்புகிறவர்கள் என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள இயந்திரத்தைத் தேடுவார்கள். அதற்கு எழுதப்பட்ட கூடா என்ற மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இன்றைய மேக்கில் ஓடாது. ஆனால் கற்கும் காலத்தில் கூகள் கோலாப் போன்ற சேவையில் உலாவி வழியாகவே கிராஃபிக்ஸ் திறனை வரம்புக்குட்பட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்காக மட்டும் முதல் ஆண்டிலேயே கேமிங் லேப்டாப் வாங்கத் தேவையில்லை. அது கனமாகவும் இருக்கும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். எல்ஆர்டியில் ஏறி இறங்கி, நாள் முழுதும் தோளில் சுமந்து திரிகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

லினக்ஸ் எங்கே வருகிறது?

வீட்டில் லினக்ஸைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் நாம் தினமும் திறக்கும் இணையச் சேவைகளில் பெரும்பாலானவை லினக்ஸ் சர்வர்களில்தான் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருதான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கிவைத்தது அது.

ஆகவே எந்த மடிக்கணினியில் எழுதினாலும் பிள்ளையின் நிரல் ஒருநாள் லினக்ஸில் ஓட வேண்டியிருக்கும். அங்கேதான் பலர் முதல் அடி வாங்குகிறார்கள். ஒரு மாணவர் இணையதளத்துக்கான படத்தின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கிச் சேமிக்கிறார். நிரலில் அதையே சிறிய எழுத்தில் எழுதுகிறார். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டில் படம் அழகாகத் தெரியும். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். சர்வரில் ஏற்றி, விரிவுரையாளர் முன்னால் திறந்து காட்டும்போது படம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

இதைத் தவிர்க்கத் தனி இயந்திரம் தேவையில்லை. 2016 முதல் விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். மேக் ஓஎஸ் யூனிக்ஸ் வழி வந்தது. ஆகவே லினக்ஸின் கட்டளைகளில் பல அதிலும் அப்படியே வேலை செய்யும். ஆனால் ஆப்பிள் அல்லாத கணினியில் மேக் ஓஎஸ்ஸை நிறுவ ஆப்பிளின் உரிமம் இடம் தருவதில்லை. சுருக்கமாகச் சொன்னால், விண்டோஸ் இயந்திரம் வாங்கினால் லினக்ஸும் கூடவே வரும். ஐபோன் வேலை மட்டும் வராது. அந்த ஒன்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்பதே குடும்பம் முடிவு செய்ய வேண்டியது.

முழுக்க லினக்ஸுக்கே மாற நினைக்கிறவர்கள் உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, கேமரா, ஒலி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் முழுப் பதிப்பு லினக்ஸுக்கு இல்லை. இணையத் தேர்வுக்குக் கல்லூரி ஏதாவது மென்பொருள் வைத்திருந்தால் அது லினக்ஸில் ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல தளங்களுக்கு எழுதுவது நமக்குப் புதிதல்ல. நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குகிறது. அவரது செல்லினம் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் தமிழ் எழுத உதவுகிறது. பயன்படுத்துகிறவர்கள் நமக்காகத் தங்கள் கருவியை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். எழுதுகிறவர்தான் அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

பணத்தை எதில் போடுவது?

இயங்குதளம் முடிவானதும் அடுத்து வருவது ரேம் எனும் நினைவகம். இதைச் சமையலறை மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி சேமிப்பகம் என்பது அலமாரி. அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேடை சிறிதாக இருந்தால் ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை இறக்க முடியும். நிரல் எழுதுகிறவரின் மேடையில் உலாவியின் இருபது பக்கங்கள், நிரல் எழுதும் கருவி, தரவுத்தளம், டபிள்யூஎஸ்எல் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் போலிக் கைப்பேசியை ஓட்டினால் மேடையின் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

இன்று மென்பொருள் படிப்புக்கு 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ரேம் உள்ள புதிய இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும், பின்னால் கூட்ட முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ‘ஐ7’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். பல ஆண்டுகள் பழைய ஐ7-ஐவிடப் புதிய தலைமுறை ஐ5 வேகமாக இருக்கலாம். பிராசசருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ரேமில் போடுவது பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா என்பதைக் கடையிலேயே பார்க்கலாம். காட்சிக்கு வைத்திருக்கும் விண்டோஸ் இயந்திரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ், பிறகு மெமரி என்று போனால் மொத்தம் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும். அங்கே ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் போர்டோடு பற்றவைத்தது. அதை மாற்ற முடியாது. மேக்புக்கில் எதையுமே பின்னால் கூட்ட முடியாது. 2024 அக்டோபர் முதல் மேக்புக் ஏர் 16 ஜிபியோடுதான் தொடங்குகிறது என்பது ஓர் ஆறுதல்.

ஸ்னாப்டிராகன் பிராசசர் கொண்ட விண்டோஸ் லேப்டாப்புகளின் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் இன்டெல், ஏஎம்டிக்கு எழுதப்பட்ட சில மென்பொருள்களும் டிரைவர்களும் அவற்றில் ஓடுவதில்லை. கல்லூரியின் மென்பொருள் பட்டியலைப் பார்த்த பிறகே அவற்றை யோசியுங்கள்.

பழையது வாங்கலாமா?

கை இறுக்கமாக இருக்கும் குடும்பங்களுக்கு இது நல்ல வழி. நிறுவனங்கள் சில ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள் உறுதியானவை. விசைப்பலகையும் நன்றாக இருக்கும். பல மாடல்களில் ரேமைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது தேவை. அடுத்தது பேட்டரி, கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

பழைய மேக் என்றால் 2020 நவம்பரில் வந்த எம்1 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும். 2025-இல் வந்த மேக் ஓஎஸ் 26-தான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் மேக்கை வாங்கினால் படிப்பு முடிவதற்குள் அது பின்தங்கிவிடும்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள்

வருமான வரி செலுத்தும் பெற்றோருக்கு ஒரு சிறு சலுகை உண்டு. வாழ்க்கைமுறை வரிக்கழிவின் கீழ், தனக்கோ துணைக்கோ பிள்ளைக்கோ வாங்கும் கணினி, கைப்பேசி, புத்தகம், இணையக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை கழித்துக்கொள்ளலாம். அந்த 2,500 ரிங்கிட் அப்படியே கைக்குத் திரும்பி வராது. வரிக்குரிய வருமானத்தில்தான் கழியும். வரிக்குரிய வருமானம் 50,000-க்கு மேல் 70,000 ரிங்கிட்டுக்குள் இருப்பவருக்கு அந்தப் படியில் வரி 11 விழுக்காடு. அவருக்கு மிச்சமாவது அதிகபட்சம் 275 ரிங்கிட். ஒரு நல்ல பையும் மவுஸும் வாங்க அது போதும். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். உத்தரவாதம் கடையினுடையதா, தயாரிப்பாளரின் மலேசிய உத்தரவாதமா என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கடைக்குப் போவதற்கு முன், பாடத்திட்டத்தையும் மென்பொருள் பட்டியலையும் கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள். மூத்த மாணவர் ஒருவரிடம், இரண்டாம் ஆண்டில் எந்தப் பாடத்துக்கு அவருடைய லேப்டாப் திணறியது என்று பிள்ளையே கேட்கட்டும். கிடைத்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு சனிக்கிழமை லோ யாட் போகலாம். “பட்ஜெட் எவ்வளவு பாஸ்?” என்று விற்பனையாளர் கேட்கும்போது அப்பா பதில் சொல்ல வேண்டாம். அந்தத் தாளோடு நிற்கும் மகனோ மகளோ பேசட்டும்: “ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடணும் அண்ணே. 16 ஜிபி வேணும், இன்னும் ஒரு ஸ்லாட் காலியா இருக்கணும். எதெல்லாம் இருக்கு, காட்டுங்க.”