ஒரே கேள்வி, ஐந்து வழக்குகள்

வகுப்பில் முப்பது பிள்ளைகள் ‘எனது பாடசாலை’ என்று கட்டுரை எழுதினால் தலைப்பு ஒன்றுதான். அதுக்காக முப்பதையும் சேர்த்து ஒரே புள்ளி போடுவோமா? வழக்குகளும் அப்படித்தான். இரண்டுமே கல்வி பற்றியவை என்பதற்காக அவை தொடர்புடைய வழக்குகள் ஆகிவிடா. அப்போ நீதிமன்றம் எதைப் பார்க்கிறது? அமெரிக்கப் பாடசாலை வழக்குகள் இதை நன்றாக விளக்குகின்றன.

அங்கே சமஷ்டி நீதிமன்றங்களில் புதிய வழக்கொன்று பொதுவாகச் சீட்டுக் குலுக்குவது போலத்தான் ஒரு நீதிபதியிடம் போய்ச் சேரும். வழக்காளி தனக்குத் தோதான நீதிபதியைத் தேடிப் பிடிக்கக் கூடாது என்பது நோக்கம். தொடர்புடைய வழக்கு இதற்கு விதிவிலக்கு. அது முந்திய வழக்கின் நீதிபதியிடமே போகலாம். வொஷிங்டன் மாவட்ட நீதிமன்ற விதியின்படி முந்திய வழக்கு இன்னும் முடியாமல் இருக்க வேண்டும். அத்தோடு, இரண்டிலும் பொதுவான சம்பவப் பிரச்சினை இருப்பது, இரண்டும் ஒரே நிகழ்விலிருந்து பிறந்திருப்பது போன்ற ஒரு பிணைப்பும் வேண்டும்.

வழக்குகளை ஒன்றுசேர்ப்பது வேறு விடயம். சிவில் நடைமுறையின் 42ஆம் விதிப்படி, சட்டம் பற்றியோ சம்பவம் பற்றியோ பொதுவான கேள்வி ஒன்று இருந்தால் நீதிபதி சேர்த்து விசாரிக்கலாம். ‘விசாரிக்கலாம்’ என்பதைக் கவனியுங்கள், கட்டாயமில்லை.

இனி 1954 மே 17க்கு வருவோம். கறுப்பினப் பிள்ளைகளை வேறு பாடசாலைகளில் பிரித்து வைத்ததற்கு எதிராகக் கன்சாஸ், தென் கரோலினா, வேர்ஜினியா, டெலவெயார் ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து வந்த வழக்குகளுக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரே தீர்ப்பை வழங்கியது. அதுதான் பிரவுண் வழக்கு. சம்பவங்கள் வேறு, ஊர் நிலைமைகள் வேறு. ஆனால் சட்டக் கேள்வி பொதுவானது என்று பிரதம நீதியரசர் ஏர்ள் வொரன் காரணம் சொன்னார்.

இந்தச் சேர்க்கை சும்மா நடந்ததல்ல. தென் கரோலினாவில் கறுப்பினப் பாடசாலைகள் படுமோசம். அந்த வழக்கு மட்டும் இருந்திருந்தால், ‘கட்டடத்தைத் திருத்துங்கள்’ என்பதோடு விடயம் முடிந்திருக்கலாம். கன்சாஸிலோ வசதிகள் ஏறக்குறைய சமம் என்று கீழ் நீதிமன்றமே கண்டிருந்தது. ஆக, பிரித்து வைப்பதே அநீதியா என்ற கேள்வியிலிருந்து தப்ப வழியில்லாமல் போனது.

ஐந்தாவது வழக்கு வொஷிங்டன் நகரத்தினுடையது. அதே நாள், அதே நீதியரசர்கள், அதே முடிவு. ஆனால் தீர்ப்பு தனி. ஏன்? நான்கு வழக்குகளும் நின்றது அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தில். அது மாநிலங்களைக் கட்டுப்படுத்துவது. வொஷிங்டன் ஒரு மாநிலம் அல்ல. எனவே 5ஆவது திருத்தத்தின் கீழ் தீர்க்க வேண்டி வந்தது. நோவு ஒன்றாக இருந்தும் சட்ட அடித்தளம் வேறாகிவிட்டது.

சேர்த்தாலும் வழக்குகள் கரைந்து போவதில்லை. சேர்க்கப்பட்ட ஒவ்வொரு வழக்கும் தன் தனித்தன்மையை இழக்காது, ஒன்று முடிந்தால் மற்றவற்றுக்குக் காத்திராமல் மேன்முறையீடு செய்யலாம் என்று 2018இல் அதே நீதிமன்றம் தீர்த்தது.

வேர்ஜினியா வழக்கு எழுந்த பிரின்ஸ் எட்வேர்ட் மாவட்டம், பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பிக்க மனமில்லாமல் 1959 முதல் 1964 வரை பொதுப் பாடசாலைகளையே மூடி வைத்தது. அவற்றைத் திறக்க இன்னொரு வழக்கு தேவைப்பட்டது. தீர்ப்பு நான்கு ஊர்களுக்கும் ஒன்றுதான். ஐந்து வருடம் பொதுப் பாடசாலை இல்லாமல் போனது அந்த ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கு.