வேலூர்க் கோட்டையும் ஒரு தலைப்பாகையும்

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் வேலூருக்கு நாடு கடத்தினார்கள் என்பது நாமெல்லோரும் வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான். அந்த வேலூர் எப்படிப்பட்ட ஊர் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சென்ற வருடம் வாப்பாவின் சிகிச்சைக்காக அங்கே போக நேர்ந்தது. பரிசோதனை அறிக்கைக்காகக் காத்திருந்த ஒரு நாள், இருவரும் கோட்டையைப் பார்க்கப் போனோம். சுற்றிவர அகழி, கருங்கல் மதில். உள்ளே ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம். திப்பு மகால், ஹைதர் மகால் என்ற பெயர்களுக்கு நடுவே கண்டி மகால் என்றும் ஒரு கட்டடம் இருப்பதை அறிந்ததும் எங்கள் இருவருக்கும் ஆச்சரியம்.

கண்டி மன்னன் அங்கே வருவதற்குப் பத்து வருடங்களுக்கு முன், 1806 ஜூலை 10ஆம் திகதி, அந்தக் கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு 51 வருடங்கள் முந்தியது இது. காரணம் ஒரு புதிய தலைப்பாகை என்று நான் சொன்னபோது, வாப்பா நின்று என்னைப் பார்த்தார்.

“ஒரு தலைப்பாகைக்காகவா மகள் இவ்வளவு பேர் மௌத்தானது?”

அப்போது எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. ஊர் திரும்பிய பின் தேடி வாசித்தவற்றைக் கொண்டு இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

சென்னைப் படையின் தளபதியாக இருந்தவர் சேர் ஜோன் கிரடொக். சிப்பாய்கள் எல்லோரும் பார்வைக்கு ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். சீருடை அணிந்திருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. அதோடு வந்ததுதான் புதிய தலைப்பாகை. அது ஐரோப்பியரின் வட்டத் தொப்பியை ஒத்திருந்தது. தோலாலான ஒரு குஞ்சமும் அதில் இருந்தது. எந்த மிருகத்தின் தோல் என்ற கேள்வி முஸ்லிம் சிப்பாய்க்கும் எழுந்தது, இந்துச் சிப்பாய்க்கும் எழுந்தது. தொப்பி அணிந்தவன் கிறிஸ்தவனாகிவிட்டான் என்று கருதப்பட்ட காலம் அது. கடைத்தெருவில் ஆட்கள் அவர்களைப் பார்த்துக் கேலி செய்தார்கள். இவன் ஊருக்குப் போனால் உறவினர் சேர்த்துக்கொள்வார்களா, இவன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்பதெல்லாம் அந்தத் தலைப்பாகைக்குள் இருந்தன. இதைத் தளபதி அறியவில்லை. அறிந்த இந்திய அதிகாரிகளோ மேலிடத்துக்குப் பயந்து, எல்லாம் சரி என்றே சொன்னார்கள்.

சிப்பாய்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தூக்கவில்லை. என் மனதில் தங்கிய விடயம் இதுதான். மே மாதத்தில் வேலூரிலிருந்த ஒரு படைப்பிரிவினர் அதை அணிய மாட்டோம் என்று வெளிப்படையாகவே மறுத்தார்கள். அவர்களில் சிலரைச் சென்னைக்குக் கொண்டுபோய் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஒரு முஸ்லிமுக்கும் ஒரு இந்துவுக்கும் கசையடியும் வேலை நீக்கமும் கிடைத்தன. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரியிடமே போய்ச் சொன்னான். அதிகாரி அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். அவனைப் பைத்தியக்காரன் என்றார்கள் அவர்கள். அவனையே பிடித்து அடைத்தார்கள். மறுத்துச் சொன்னவர்களுக்கு அடி, எச்சரித்துச் சொன்னவனுக்குச் சிறை. இனி யார் போய் என்ன சொல்வது?

கோட்டைக்குள் இன்னொரு குடும்பமும் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர் அங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். ஜூலை 9ஆம் திகதி திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மறுநாள் அதிகாலை, ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது கிளர்ச்சி தொடங்கியது. தம் சொந்த அதிகாரிகள் 14 பேரையும், 69ஆம் படைப்பிரிவின் ஐரோப்பிய வீரர்கள் 115 பேரையும் சிப்பாய்கள் கொன்றார்கள். அவ்வீரர்களில் அநேகர் படுக்கையிலேயே கொல்லப்பட்டவர்கள். இதை மூடிமறைத்து எழுத எனக்கு மனமில்லை. கோட்டையின் தளபதி கேர்ணல் பான்கோர்ட்டும் இறந்தார். அவருடைய மனைவி அமேலியா பிள்ளைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார். இரண்டு வாரங்களுக்குப் பின் அன்று கண்டதை அவர் எழுதிவைத்தார். அந்த இரவைப் பற்றி நேரில் கண்டவர் எழுதியதாக இன்று நமக்குக் கிடைப்பது அந்தத் தாயின் எழுத்து. எதிர்ப்பக்கத்தில் ஒரு சிப்பாயின் மனைவியும் அன்று பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்திருப்பாள். அவள் எழுதவில்லை.

கோட்டையின் மேல் திப்புவின் கொடி ஏறியது. அவருடைய மகன் பதே ஹைதர் மன்னன் என்று அறிவிக்கப்பட்டார். ஆனால் கிளர்ச்சிக்காரர் பலர் கதவைக் காப்பதை விட்டுக் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். செய்தி சுமார் 26 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கில்லஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். மதிலில் எஞ்சி நின்ற வீரர்கள் அவரைக் கயிற்றால் மேலே தூக்கினார்கள். பீரங்கி வந்து கதவை உடைத்தது. ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று. மாளிகைக்குள் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று இறந்த சிப்பாய்களின் தொகையை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அது நூற்றுக்கணக்கு. விசாரணைக்குப் பின் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள்.

வாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். கோட்டைக்குப் போனதற்கு முதல் நாள் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. தாதி அருகே வந்து, “ஐயா, தொப்பியைக் கழற்ற வேண்டியிருக்கும்” என்று சொல்லி, ஏன் என்றும் விளங்கப்படுத்தினார். வாப்பா ஒரு வார்த்தை பேசாமல் கழற்றி என் கையில் தந்தார். முடிந்து வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டு வாங்கினார்.

கட்டளையை ஆங்கிலேயர் பின்னர் கைவிட்டார்கள். தளபதி கிரடொக்கும் சென்னை ஆளுநர் பெண்டிங்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கிளர்ந்தெழுந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. திப்புவின் பிள்ளைகளைத் தூரத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் போன பின், 1816இல், நம் கண்டி மன்னனை அதே கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே அவன் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய கல்லறை இருக்கிறது. முத்து மண்டபம் என்கிறார்கள். வாப்பாவுக்கு அதையும் பார்க்க ஆசைதான். ஆனால் நாலு மணிக்கு அறிக்கை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஓட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம்.