ஒரு கிலோ பனியன் துணி, 800 கிராம் உப்பு

ஒரு கிலோ பருத்தித் துணியை அடர் கருப்பாக்க எவ்வளவு உப்பு வேண்டும்? திருப்பூரில் விஞ்ச் எந்திரங்களில் சாயம் ஏற்றிய காலத்தில் கிலோவுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அடர் நிறமென்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். பெருக்கிப் பார்த்தால் 800 கிராம். வேடிக்கை என்னவென்றால், இந்த உப்பு துணியில் தங்குவதே இல்லை, அலசும்போது வெளியேறிவிடுகிறது.

பிறகு எதற்குப் போடுகிறார்கள்? தண்ணீரில் நனைந்த பருத்தி நூலின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். ரியாக்டிவ் சாய மூலக்கூறுகளிலும் எதிர்மின்னூட்டம்தான். ஒன்றை ஒன்று விலக்கும். உப்பின் சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. சாயம் நூலை நெருங்குகிறது. அதன்பின் சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தைக் கூட்டினால் சாயம் செல்லுலோஸோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும் சாயம்தான் கழிவுநீருக்கு நிறம் தருகிறது.

நிறம் கண்ணை உறுத்துவதால் ஊரெல்லாம் நிறத்தைப் பற்றியே பேசியது. நிலத்தைக் கெடுத்ததோ நிறமில்லாத உப்பு. சாயத்தை நுண்ணுயிரிகளும் வேதிப்பொருள்களும் ஓரளவு உடைத்துவிடும். உப்பைத் தின்னும் நுண்ணுயிரி கிடையாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூர் வழியே ஓடி, காவிரியில் சேரும் நொய்யலில் ஆண்டின் பல மாதங்கள் நல்ல தண்ணீர் ஓடாது. ஆகவே உப்பை நீர்க்கச் செய்ய வழியில்லை. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்புக்கரித்தன. இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று உழவர்களே சொல்லும்படி ஆனது.

இதைச் சாயப்பட்டறைக்காரர்களின் பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலானவர்கள் ஏற்றுமதியாளர் தரும் துணிக்குக் கிலோ கணக்கில் கூலி வாங்கி சாயம் போடும் ஜாப் ஒர்க் காரர்கள். ஒருவர் மட்டும் கழிவைச் சுத்தம் செய்து அந்தச் செலவைக் கூலியில் சேர்த்தால், மறுநாளே துணி அடுத்த பட்டறைக்குப் போய்விடும். யோக்கியமாக நடப்பவர் முதலில் கடையை மூட வேண்டிய சந்தை அது. உப்புக்கான செலவை யாரும் ஏற்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர் தலையில் அது விழுந்தது.

உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போதும் நிலைமை மாறவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் மூடச் சொன்னது. பிறகு தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. கழிவு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையைப் பூர்த்தி செய்த ஆலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அந்த நிபந்தனை லேசானதல்ல. கழிவுநீரை முதலில் நுண்ணுயிரிகளிடம் விடுகிறார்கள். அடுத்து எதிர்ச்சவ்வூடுபரவல். உயர் அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளினால் நல்ல நீர் மறுபக்கம் வரும். இதற்கு ஆயிரம் லிட்டருக்குச் சில யூனிட் மின்சாரம் போதும். ஆனால் உப்பு ஏற ஏற அழுத்தமும் ஏற வேண்டும். ஒரு கட்டத்துக்குமேல் சவ்வு தாங்காது. மிஞ்சும் கெட்டி உப்புநீரை ஆவியாக்கத்தான் வேண்டும். ஒரே கொப்பரையில் கொதிக்கவிட்டால் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 630 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் பிடிக்கும். அதனால்தான் ஒரு கலனின் நீராவியைக் கொண்டே அடுத்த கலனைச் சூடாக்கும் பலகட்ட ஆவியாக்கிகளை வைத்தார்கள். அப்படியும் எரிபொருள் செலவு கையைக் கடிக்கிறது.

செலவு கையைக் கடித்தபோதுதான் மூளை வேலை செய்தது. தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ எந்திரங்கள் வந்தன. கிலோவுக்கு 6 லிட்டர் போதுமென்றால் அதே அடர்த்தியில் உப்பு 480 கிராமாகக் குறையும். ஆவியாக்க வேண்டிய நீரும் குறையும். அருள்புரத்துப் பொது நிலையத்தில் இன்னொரு வழி கண்டார்கள்: கெட்டி உப்புநீரை ஏன் முழுவதும் ஆவியாக்க வேண்டும்? நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அப்படியே சாயத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் உப்பு வாங்கும் செலவும் மிச்சம். கழிவுநீர் மூலப்பொருளானது இப்படித்தான். சூழலைக் காத்தால் லாபம் தானே வரும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். திருப்பூரில் நடந்தது வேறு. வெளியே கொட்டும் வழி அடைபட்டது. அதன்பிறகே சிக்கனம் லாபமாகத் தெரிந்தது.

குறைகள் தீர்ந்துவிடவில்லை. கொதிகலன்களுக்கு விறகு எரிகிறது. திரும்பப் பயன்படாத கலப்பு உப்பு நிலையங்களின் கிடங்குகளில் சேர்ந்துகொண்டே போகிறது. சட்டையின் அட்டையில் பசுமை இலையை அச்சிடும் பெரிய பிராண்டுகள், அந்தப் பசுமைக்கான செலவை உருப்படியின் விலையில் கூட்டித்தர முன்வருவது குறைவு.

இவற்றைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற இதே விதியை ஜவுளி ஆலைகளுக்கு நாடு முழுவதும் கொண்டுவர 2015-இல் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. 2016-இல் இறுதி விதிகள் வந்தபோது அந்தப் பொதுக் கட்டாயம் இல்லை. உப்பைத் தன் கணக்கில் எழுதும் ஊரும் எழுதாத ஊரும் ஒரே வாடிக்கையாளரிடம் விலை சொல்லிப் போட்டியிடுகின்றன. ஆற்றைக் காப்பவரைத் தண்டிக்கும் இந்தப் போட்டியை மத்திய அரசுதான் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். 2015 வரைவைத் தூசு தட்டி எடுத்தாலே போதும்.