விலை மதிப்பீடு எழுதுவோம்

காணியை விட்டு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பல தச்சு வேலை, மேசன் வேலை, கோழிக்கூடு அடித்தல் போன்ற தொழில்களால் சீவிக்கின்றன. வேலை தர வருபவர் முதலில் கேட்பது "எவ்வளவு முடியும்?" என்பதையே. நாம் மனக்கணக்கில் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். வேலை முடியும்போது கைக்காசு போயிருக்கும். அல்லது வேலை தந்தவருடன் மனத்தாங்கல் வந்திருக்கும். இதைத் தவிர்க்க விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மதிப்பீடு என்பது ஏறத்தாழ முடியக்கூடிய தொகை. கொட்டேசன் என்பது இந்த விலைக்கே செய்து தருவோம் என்ற வாக்கு. நாம் கொடுப்பது எது என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுதல் நன்று.

எவற்றைச் சேர்க்க வேண்டும்?

ஒரு கோழிக்கூட்டை எடுத்துக்கொள்வோம். விலைகள் விளக்கத்திற்காக மட்டும்.

1. மரம், தகரம், கம்பி வலை, ஆணி: 42,000 ரூபா
2. இருவருக்கு 3 நாட் கூலி, நாளொன்றுக்கு 3,000 ரூபாப்படி: 18,000 ரூபா
3. ஏற்றுக்கூலி: 5,000 ரூபா
4. ஆயுதத் தேய்மானம், இலாபம் (நூற்றுக்குப் பத்து): 6,500 ரூபா

மொத்தம் 71,500 ரூபா. வயலில் எமது சொந்த உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் இரண்டாவது வரியை விட்டுவிட்டால் 18,000 ரூபா நட்டம். மகன் கூட நின்று வேலை செய்தாலும் அவருடைய கூலியையும் எழுத வேண்டும்.

எத்தனை நாளைக்கு இந்த விலை?

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபா அளவிற்கு ஏறியது. இறக்குமதிப் பொருட்களின் விலையும் கூடவே ஏறியது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்டவர் அத்தகைய காலத்தில் தாங்கமாட்டார். ஆகவே "இவ்விலை 14 நாட்களுக்கு மட்டும்" என்று எழுதித் திகதியும் இட வேண்டும்.

கணனி எவ்வாறு உதவும்?

எக்செல், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் போன்றவற்றில் அளவையும் விலையையும் இட்டு, பெருக்கிக் கூட்டும் கட்டளையை ஒருமுறை கொடுத்து வைத்தால் போதும். ஒரு பொருளின் விலை மாறினால் மொத்தமும் தானாக மாறும்.

குயிக்புக்ஸ், ஓடூ போன்ற வியாபார மென்பொருட்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. மதிப்பீட்டுக்கு இலக்கம் இட்டு, அதைத் தனியாக வைக்கின்றன. அத்தொகை வரவுக் கணக்கில் சேராது. ஏனெனில் அது இன்னும் எமது பணம் அல்ல. வேலை தருபவர் சம்மதித்த பின், அதே விபரங்களை மீண்டும் எழுதாமல் பில்லாக மாற்றலாம். குயிக்புக்ஸில் முற்பணத்திற்கு ஒரு பில், மீதிக்கு இன்னொன்று எனப் பிரித்தும் எழுதலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. விலை பேசி மாற்றினால் பழையதை அழிக்காமல், பிரதி எடுத்துப் புதிய திகதியுடன் எழுதுக. எதற்குச் சம்மதித்தார் என்ற வழக்கு வராது.
2. வாரத்துக்கு ஒருமுறை பதில் வராதவற்றைப் பார்த்து, உரியவரிடம் விசாரிக்க வேண்டும்.
3. வேலை முடிந்ததும் உண்மைச் செலவைப் பக்கத்தில் எழுதி ஒப்பிட வேண்டும். அடுத்த மதிப்பீடு திருத்தமாக அமைய இதுவே வழி.

கணனி இல்லாதோர் காபன் தாள் வைத்த கொப்பியில் இவை யாவற்றையும் செய்யலாம். ஒரு பிரதி வேலை தருபவருக்கு, மற்றது எமக்கு. இடம்பெயர்வில் உறுதியையும் கணக்குக் கொப்பியையும் இழந்தவர்களுக்கு எழுத்தின் பெறுமதி தெரியும். எனவே கணனியில் உள்ளதைப் பென் டிரைவில் பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வைப்போம்.

கூட்டிப் பெருக்குவதைக் கணனி செய்யும். எமது மூன்று நாள் உழைப்பையும் அதில் எழுத வேண்டியவர்கள் நாமே.